வெள்ளைப் பசை

அன்று வேப்பமரத்தடியில் இருந்தவர்கள் ஏழு பேர். செத்துப்போன பாக்கியராஜின் பெண்சாதி சாராள். மகள் சுகிர்தா. சுகிர்தாவின் தம்பி இம்மானுவேல். சுகிர்தாவின் புருஷன் ஸ்டீபன். கூழ்ச் சட்டியும் கையுமாகப் பக்கத்து வீட்டு ரோசம்மாள். லோடு ஆட்டோ ஓட்டும் அரசப்பன். இவர்கள் எல்லோரும் திருப்பாச்சூருக்கு மேற்கே இருக்கிற அந்தக் காலனிக்காரர்கள், அல்லது அங்கே சொந்தபந்தம் உள்ளவர்கள். ஏழாவது ஆள் கோபால். திருவள்ளூரில் வண்டிகளுக்குக் கரண்டு வேலை பார்ப்பவன். அவனுக்கு இந்தச் சாவோடு ஒரு சம்பந்தமும் இல்லை. அதனால்தான் அவனைக் கூப்பிட்டிருந்தார்கள்.

நடுவில் வேன் நின்றிருந்தது. வெள்ளை நிறம், பழுத்துப் போன வெள்ளை. கார்புரேட்டர் காலத்து வண்டி. எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும். ஓட்டுகிறவனின் பின்பக்கம் வெந்துகொண்டே வரும். இம்மானுவேல் அதை வைத்து கம்பெனி ஆட்களை ஷிஃப்டுக்குக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தான்.

பாக்கியராஜ் செத்து அன்றோடு முப்பதாவது நாள். காலையில் சபையார் வந்து ஜெபம் பண்ணிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். போகும்போது ஒருவர்கூட இம்மானுவேலின் கையைப் பிடிக்கவில்லை. ஸ்டீபன் அதைப் பார்த்தான். பார்த்து, சரிதான் என்றுதான் நினைத்தான்.

நடந்தது இதுதான். ஏப்ரல் மாதம், மத்தியானம் மூன்று மணி. இம்மானுவேல் ஆட்களை இறக்கிவிட்டு அப்போதுதான் வந்து வண்டியை நிறுத்தினான். வீட்டுக்குள் பாக்கியராஜ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சரிந்திருந்தார். தூக்கி வேனில் போட்டுக்கொண்டு, சாராளையும் ஏற்றிக்கொண்டு திருவள்ளூர் பெரியாஸ்பத்திரிக்குப் பறந்தான். திருப்பாச்சூர் கோவில் திருப்பத்தைத் தாண்டியதும் வேன் நின்றுவிட்டது. இருமவில்லை, திணறவில்லை, சுவிட்சை அணைத்த மாதிரி நின்றது. நின்ற இடத்துக்கு எதிரே ஒயின்ஷாப். அவன் இறங்கி, சாலையில் போகிற வண்டிகளை மறிக்க அந்தப் பக்கம் ஓடினான். கூட்டத்தில் கலந்தான். பின்சீட்டில் புருஷன் தலையை மடியில் வைத்திருந்த சாராள் எதையும் பார்க்கவில்லை. நூற்றியெட்டுக்குப் போன் போட்டார்கள். அது வருவதற்குள் அரசப்பனின் லோடு ஆட்டோ வந்தது. தக்காளிப் பெட்டிகளை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் பாக்கியராஜைப் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி வாசலில், உயிர் போய் நேரமாயிற்று என்றார்கள்.

இதில் இம்மானுவேலைக் கொன்றது அதற்கப்புறம் நடந்ததுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வேன் நின்ற இடத்துக்கு வந்து சாவியைத் திருப்பினான். முதல் திருப்பிலேயே வேன் ஸ்டார்ட் ஆகிவிட்டது. அதையே ஓட்டிக்கொண்டு சாவு வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அதற்கப்புறம் வண்டியை எடுக்கவில்லை.

நின்றுபோனது என்று சொன்னவன் அதே வண்டியில் வந்து இறங்கினதை ஊரே பார்த்தது. குடியை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த எட்டு மாதமும் அன்று சாயங்காலத்தோடு கணக்கில் இல்லாமல் போயிற்று. காலையில் அப்பனோடு வாய்த்தகராறு வேறு. ஒயின்ஷாப் எதிரில் வண்டியை நிறுத்தியவன் எதற்கு நிறுத்தியிருப்பான் என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சாராள் அன்றிலிருந்து மகனுக்குச் சோறு போடவில்லை. அவன் ரோசம்மாள் வீட்டில் தின்றுகொண்டிருந்தான்.

ஸ்டீபன் ஒன்றைத் தன் வாயால் சொல்லியிருந்தான். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அவனிடம்தான் கேட்டார்கள், ஏனென்றால் மிஷின் விவரம் தெரிந்த மாப்பிள்ளை அவன்.

"வண்டில ஒண்ணும் கோளாறு இல்லீங்க. அவரு போறதுக்குப் பதினோரு நாளு முன்னாடி நானே என் கையால பிரிச்சு மாட்டனேன்."

முப்பது நாளில் இதை எத்தனை பேரிடம் சொன்னான் என்று அவனுக்கே ஞாபகமில்லை.

ஸ்டீபன் கும்மிடிப்பூண்டியில் வால்வு செய்கிற ஒரு கம்பெனியில் இருக்கிறான். பதினான்கு வருஷம். அவன் வேலை, இரண்டு இரும்பு முகங்களை ஒன்றோடொன்று பொருந்தும்வரை தேய்ப்பது. நடுவில் ஒரு மயிர் இருந்தாலும் வால்வு ஒழுகும். ஒழுகினால் திரும்பி வரும். திரும்பி வந்தால் யார் தேய்த்தது என்று சீட்டைப் பார்ப்பார்கள். அவன் சீட்டு போட்ட வால்வு ஒன்றுகூடத் திரும்பியதில்லை. பனியன் கழிவுத் துணியை மண்ணெண்ணெயில் நனைத்து ஒரு முறை, பெட்ரோலில் நனைத்து ஒரு முறை, காய்ந்த துணியால் ஒரு முறை. மூன்று முறை துடைக்காமல் அவன் எதையும் எதன்மேலும் மாட்டமாட்டான். வீட்டில் டிபன் டப்பா மூடியைக்கூட அப்படித்தான் துடைப்பான் என்று சுகிர்தா சிரிப்பாள்.

கோபால் அரைமணி நேரம் வேனைச் சுற்றிச் சுற்றி வந்தான். சீட்டைத் தூக்கினான், மூடினான். பெட்ரோல் ஃபில்டரில் பெட்ரோல் நிற்பதை எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான். பிறகு இம்மானுவேலை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று போய்விட்டு வந்தான். வந்ததும் எஞ்சினை அணைக்கவேண்டாம் என்றான். சீட்டை மூடி, கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு இறங்கினான்.

"இப்டியே ஓடிக்கினு இருக்கட்டும். யாரும் தொடாதீங்க."

"எம்மா நேரம்?" என்றார் அரசப்பன்.

"தெரியாது. ஓடிக்கினே இருந்தா வண்டி நல்ல வண்டி. நின்னா பாப்போம்."

அக்கினி வெயில். வேப்பமர நிழல் வேனின் பாதிமேல்தான் விழுந்தது. மீதிப் பாதி தகடு கொதித்தது. எல்லோரும் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரோசம்மாள் டம்ளர்களில் கூழை ஊற்றி, சின்ன வெங்காயம் இரண்டிரண்டாக வைத்தாள். இம்மானுவேலுக்கு ஊற்றும்போது சாராளைப் பார்த்தாள். சாராள் வேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்பா எலக்ட்ரீசியன், ஒண்ணு கேக்கறேன் கோச்சுக்காத," என்றாள் ரோசம்மாள். "நாங்க இப்ப இன்னான்னு ஜெபம் பண்றது? நிக்கணும்னா, நிக்கக்கூடாதுன்னா?"

"எனக்கு எது நடந்தாலும் சோலி முடிஞ்சுது ஆயா."

"அதான பாத்தேன். நல்லா கூழு குடி."

சுகிர்தா சிரிக்கவில்லை. "நின்னுச்சுன்னா நான் இவன் கால்ல வுழறேன். நிக்கலன்னா இவன் மூஞ்சிய நான் செத்தாலும் பாக்கமாட்டேன். என் பொணத்த தூக்கவும் இவன் வரக்கூடாது."

"அக்கா," என்றான் இம்மானுவேல்.

"அக்கான்னாத."

சாராள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். சத்தமாகப் பேசுகிறவள் இல்லை. முப்பது வருஷம் நடவு நட்ட உடம்பு, குரலும் குனிந்தே வரும்.

"வண்டி மேல தப்புன்னா எம்புள்ள எனக்கு. இவன் மேல தப்புன்னா எனக்கு ஒரே புள்ள, அது சுகிர்தா. இத்தோட முடிச்சுக்கலாம். எனக்கும் பேஜாராகீது தெனம் இதயே நெனச்சுக்கினு."

ஸ்டீபன் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து கூழைக் குடித்தான். அவனுக்கு நிச்சயமாகத் தெரியும், வேன் நிற்காது. பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரித்தது அவன். மூடியில் கரி ஏறியிருந்ததால் வண்டி இழுவையில் திக்கியது. கரியைச் சுரண்டினான். உள்ளே இருந்ததை எல்லாம் திருகு திருகாகக் கழற்றி, துடைத்து, கழற்றிய வரிசைக்குத் தலைகீழாக மாட்டினான். அப்புறம் வண்டி புதுசு போல ஓடியது. பாக்கியராஜ்கூட அதில் கடம்பத்தூர் வரை போய்வந்து, "மாப்ள கை வெச்சா தனிதாம்பா" என்று சொன்னார். நிற்காது என்று உறுதியாக இருந்தாலும், மச்சான்மேல் அவனுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. குடிகாரனை நம்பக்கூடாது, அவ்வளவுதான். கம்பெனியில் குடித்துவிட்டு வந்து விரலைக் கொடுத்தவர்களை அவன் பார்த்திருக்கிறான்.

பத்து நிமிஷம் போயிற்று. பதினைந்து. அரசப்பன் அன்றைய நாளை மறுபடி சொல்ல ஆரம்பித்தார். பாக்கியராஜின் செருப்பு ஒன்று தக்காளிப் பெட்டிக்குள் விழுந்ததைச் சொன்னார். மறுநாள் மார்க்கெட்டில் பெட்டியைக் கவிழ்த்தபோதுதான் அது வந்தது என்றார்.

"எதுத்த ஒயின்ஷாப்புல இவன நீ பாத்தியா அண்ணா?" என்று கேட்டாள் சுகிர்தா. நூறாவது தடவை.

"கூட்டத்துலேந்து வந்தான்மா. உள்ளார போனத நான் பாக்கல. வெளிய வந்ததையும் பாக்கல. கண்ணு தண்ணியா ஊத்திக்கினு வந்தான். கண்ணுல ஊத்தனத பாத்தேன், வாயில ஊத்தனத பாக்கல."

வேன் நின்றது.

யாரும் அதை எதிர்பார்க்காத மாதிரிதான் நின்றது. சத்தம் குறையவில்லை. இருந்தது, இல்லை. மரத்தில் காக்கை கத்துவது திடீரென்று கேட்டது.

இம்மானுவேல் எழுந்துவிட்டான். "இப்டித்தான். இதே மாரிதான். எம்மா, இதே மாரிதான் நின்னுச்சு."

"இரு," என்றான் கோபால்.

கதவைத் திறந்து சீட்டைத் தூக்கினான். அனல் முகத்தில் அடித்தது. பிளக் வயர் ஒன்றைப் பிடுங்கி, பையிலிருந்து ஒரு பழைய பிளக்கை எடுத்து அதில் செருகி, எஞ்சின் உடம்பில் சாய்த்துவைத்தான். சாவியைத் திருப்பச் சொன்னான். மோட்டார் சுற்றியது. பிளக் முனையில் ஒன்றும் இல்லை. செத்த பல்லி போலக் கிடந்தது.

"எல்லாம் கிட்ட வந்து பாருங்க. பெட்ரோலு இருக்குது, பேட்டரி இருக்குது. பொறி இல்ல. ஐஸ் வேணும். ஒரு பாக்கெட் தண்ணி ஐஸ் இருந்தாலும் போதும்."

ரோசம்மாள் ஓடி, ஃப்ரிட்ஜில் இறுகியிருந்த தண்ணீர் பாக்கெட் இரண்டைக் கொண்டுவந்தாள். கோபால் அவற்றைத் துணியில் சுற்றி, டிஸ்ட்ரிபியூட்டரின் அடிப்பக்கத்தில் கட்டினான். பீடி பற்றவைத்தான். பீடி முடிந்ததும், "திருப்பு" என்றான்.

பிளக் முனையில் நீலமாகப் பொறி வெட்டியது. டக் டக்கென்று, வரிசை தப்பாமல்.

சாராள் கிட்ட வந்து குனிந்து அதைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சூடானா செத்துப்போது. ஆறினா எந்திரிச்சுக்குது," என்றான் கோபால். "அன்னைக்கு இவன் ஏற்கெனவே ஓட்டிக்கினு வந்த வண்டி. சூடா இருந்துது. அதும்மேல ஆறாம மறுபடியும் வெரட்டிருக்கான். நின்னுடுச்சு. நீங்க ஆஸ்பத்திரி போய் வரதுக்குள்ள ஆறிடுச்சு. ஸ்டார்ட் ஆச்சு. இவன் பொய் சொல்லல."

சுகிர்தா உட்கார்ந்துவிட்டாள். சொன்னபடி காலில் விழவில்லை. விழுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும்.

ஸ்டீபன் கூழ் டம்ளரைக் கீழே வைத்தான். கோபால் இத்தோடு பையைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் தேவலை என்று நினைத்தான். ஏன் அப்படி நினைத்தான் என்று அப்போது அவனுக்கே தெரியாது. கோபால் கிளம்பவில்லை. மூடியைக் கழற்றினான். உள்ளே சுற்றுகிற ரோட்டரை உருவினான். கறுப்பாகத் தீப்பெட்டி அளவில் இருந்த ஒரு பெட்டியைத் திருகு கழற்றி வெளியே எடுத்தான்.

"இதான் மாடூல். அந்தக் காலத்து வண்டில பாய்ண்டு இருக்கும், தொறந்து தொறந்து மூடும். இதுல அந்த வேலைய இது செய்யுது. பொறி குடுக்கற காயிலுக்குப் போற கரண்டை வுட்டு வுட்டு புடிக்கும். நிமிசத்துக்கு ஆயிரக்கணக்கா. அதுல இது கொதிக்கும். கொதிக்கற சூட்ட அடியில இருக்கற இரும்புக்குத் தள்ளிவுடணும். அதுக்காவ நடுவுல ஒரு வெள்ளப் பசை தடவி அனுப்புவான், பல் வெளக்கற பேஸ்ட் மாரி. அது..."

பெட்டியைத் திருப்பினான். அடிப்பக்கம் கண்ணாடி போல இருந்தது. அது உட்கார்ந்திருந்த தகடும் அப்படியே. பொட்டுத் தூசி இல்லை.

"யாரு இத தொடச்சது?"

ஸ்டீபனுக்கு அந்தப் பசை ஞாபகம் வந்தது. காய்ந்து, சுண்ணாம்பு போல ஓரத்தில் பொருக்குத் தட்டியிருந்தது. எவனோ கண்டதை அப்பி வைத்திருக்கிறான் என்று திட்டிக்கொண்டே துடைத்தான். பெட்ரோலில் ஒரு முறை. போகாத இடத்தை நகத்தில் துணி சுற்றிச் சுரண்டினான். கடைசியாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, இரண்டு முகமும் பளிச்சென்று இருந்தது கண்டு திருப்திப்பட்டு மாட்டினான்.

"தொடச்சா இன்னா?" என்றார் அரசப்பன். "சுத்தமா இருந்தா நல்லா ஒட்டும்ல?"

"ஒட்டாதுங்க. நம்ம கண்ணுக்கு ஒட்டனாப்ல தெரியும். இது அச்சுல அடிச்ச தகடு, மேடு பள்ளமா இருக்கும். நடுவுல காத்து நிக்கும். காத்து சூட்ட வுடாது. பசை இல்லன்னா உள்ளார வெந்து போய்டும். பழைய ஓனரு எவனாவது..."

"பழைய ஓனரு இல்ல," என்றாள் சுகிர்தா. எழுந்து நின்றிருந்தாள். "வாங்கி மூணு வருசமாவுது. மூணு வருசமா நிக்காதது இப்ப இன்னாத்துக்கு நிக்குது? டேய், இவரு மாட்டிட்டுப் போனப்பறம் நீ தொட்டியா? அத்த நோண்டிக்கினே இருப்பியே. இன்னா பண்ண?"

இம்மானுவேல் ஸ்டீபனைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான். ஸ்டீபன் பிரித்து மாட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமை டார்ச் பிடித்துக்கொண்டு கூடவே நின்றவன் அவன். துடைத்த துணியைக் கையில் வாங்கிக்கொண்டவனும் அவன்தான்.

"ஆமா," என்றான் இம்மானுவேல். "நான்தான் தொடச்சேன். அழுக்குன்னு நெனச்சேன்."

"குடிச்சுப்புட்டு கை வெச்சியா?"

"குடிக்கல அக்கா."

"அப்ப நைனாவ..." அதற்குமேல் அவளுக்கு வரவில்லை.

சாராள் மகனிடமிருந்து ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். ஒரே அடிதான்.

பேசாமல் இருந்திருக்கலாம். இதை ஸ்டீபன் பிற்பாடு பல முறை யோசித்தான். யாரும் கண்டுபிடித்திருக்கப் போவதில்லை. இம்மானுவேல் காலத்துக்கும் வாயைத் திறந்திருக்க மாட்டான், அக்காளின் வாழ்க்கைக்காக. பெரிய மனசு பண்ணிப் பேசினான் என்று ஸ்டீபனைப் பற்றி யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் பெட்டியின் அடிப்பக்கம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. இம்மானுவேலுக்கு அப்படித் துடைக்கத் தெரியாது. வேறு ஒருவனின் பெயரில் அந்த வேலை போவதை ஸ்டீபனின் வாய் பொறுக்கவில்லை.

"அவன் இல்ல. நான்தான் தொடச்சேன்."

கோபால் பெட்டியைத் துணியில் வைத்துவிட்டு எழுந்து, கை கழுவப் போவது போலத் தள்ளிப் போனான். அரசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நீங்களா?" என்றாள் சுகிர்தா.

"அழுக்குன்னு நெனச்சேன். பசைன்னு ஒண்ணு இருக்குதுன்னே எனக்குத் தெரியாது அத்தை. எங்க வேலைல ரெண்டு இரும்புக்கு நடுவுல எதுவும் இருக்கக்கூடாது. அதையே இங்கயும் பண்ணிட்டேன்."

சாராள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். கல்யாணமான ஒன்பது வருஷத்தில் அவள் அவனை நேருக்கு நேர் பார்த்துப் பேசியது குறைவு. மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற மரியாதை அது.

"தொடச்சது கெடக்குது மாப்ள. தெரியாம செஞ்சீங்க. நீங்க அவருக்கு நல்லதுக்குதான் செஞ்சீங்க."

"அத்தை..."

"வண்டில ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களே. போற வர்றவங்க எல்லாராண்டயும் சொன்னீங்களே. பாஸ்டராண்ட சொன்னீங்க. எங்கிட்ட சொன்னீங்க. சவப்பெட்டிய மூடறதுக்கு மின்ன, இவன் அவரு கால தொட வந்தப்ப, நான்தான் தள்ளி வுட்டேன். நீங்க சொன்னத வெச்சுதான் தள்ளனேன்."

ஸ்டீபன் சொன்னது பொய் இல்லை. அவனுக்குத் தெரிந்தவரை உண்மை. தெரிந்தவரை என்பதை மட்டும் அவன் சேர்த்துச் சொல்லவில்லை. பதினான்கு வருஷமாக அவனுக்கு அதைச் சேர்க்க வேண்டி வந்ததில்லை.

"ஒரு தடவ பிரிச்சுப் பாத்திருக்கலாம் மாமா," என்றான் இம்மானுவேல். குறை சொல்வது போலக்கூட இல்லை. "நான் கேட்டேன். அடக்கம் முடிஞ்ச மறுநாளே கேட்டேன். மறுபடியும் பாக்கத் தேவையில்லன்னீங்க."

அதுவும் உண்மை.

ரோசம்மாள் காலி டம்ளர்களைப் பொறுக்கினாள். "உடு சாராளு. உள்ளார போ. வெயில்ல எம்மா நேரம் நிப்ப."

"போறேன்." சாராள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு மகனிடம் போனாள். அவன் முழங்கையைப் பிடித்தாள், சந்தையில் மாட்டைப் பிடிக்கிற மாதிரி கெட்டியாக. "நீ வா. கருவாட்டுக் கொழம்பு இருக்குது. சோறு ஆறிப்போச்சு, பரவால்ல."

"எம்மா, மாமா..."

"நீ வாடா."

இம்மானுவேல் நடந்தான். வீட்டுப் படியில் ஏறும்போது சாராள் திரும்பினாள்.

"மாப்ள, நீங்க கெளம்புங்க. அஞ்சு மணி பஸ்ஸ வுட்டா அப்புறம் கஸ்டம். நாளைக்கு உங்களுக்கு வேல இருக்குது."

மரியாதையில் ஒரு எழுத்துக் குறையவில்லை. அதுதான் ஸ்டீபனுக்குத் தாங்கவில்லை. போடா என்று சொல்லியிருந்தால் நின்றிருப்பான்.

"சுகிர்தா?" என்றான்.

சுகிர்தா அவனுக்கும் படிக்கும் நடுவில் நின்றாள். முகம் வெளிறியிருந்தது. அவன் சட்டைப் பொத்தான் ஒன்று கழன்றிருந்தது. பழக்கத்தில் கை நீட்டி அதை மாட்டிவிட்டாள். மாட்டிய பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தவள் போலக் கையை இழுத்துக்கொண்டாள்.

"தம்பிக்கு நான் சோறு போடணும்," என்றாள். "முப்பது நாளா பேசன பேச்சு இன்னா பேச்சு. நீங்க போங்க. நான் போன் பண்றேன்."

"எப்ப?"

"பண்றேன்."

அவள் படியேறினாள். ஸ்டீபன் முற்றத்தைக் கடந்து தெருப்பக்கம் வந்தான். கோபால் குழாயடியில் நின்று, கழுவிய கையையே கழுவிக்கொண்டிருந்தான். அவனிடம் ஏதாவது கேட்க வேண்டும் போல இருந்தது. அந்தப் பசை எங்கே கிடைக்கும் என்றுதான் வாயில் வந்தது. கேட்கவில்லை. தகரப் படலைத் தள்ளிக்கொண்டு வெளியே காலை வைத்தான்.

அவனுக்குப் பின்னால் வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பட்டப்பகலில் அந்தக் காலனியில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. அது சாத்தியதோடு நிற்கவில்லை. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் ஏறியது, அதற்குமேல் சாவி இரண்டு சுற்று சுற்றியது.